சினை மாட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கேள்வி: என் கறவை மாடு எட்டு மாதச் சினை. நான்கு நாட்களாகப் பின்னங்கால் முட்டி வீங்கி நொண்டுகிறது. வேறொரு மாட்டுக்கு வாங்கிய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு குப்பியில் பாதி மீதமிருக்கிறது. அன்றைக்கு ஊசி போட்டதும் அந்த மாடு எழுந்து தீவனம் எடுத்தது. இதற்கும் போடலாமா?

பதில்: போடாதீர்கள், கன்று வீசிவிடும். ஈனும் நாள் நெருங்கும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். பிரசவத்தைத் தொடங்கிவைப்பது அதுதான். டெக்சாமெத்தசோனும் அதே வேலையைச் செய்யும். நாள் தள்ளிப்போன மாட்டை ஈன வைக்க மருத்துவர்களே இந்த ஊசியைப் போடுவதுண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஈன்றுவிடும். உங்கள் மாட்டுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நுரையீரல் முதிராத கன்று தப்புவது அரிது. நஞ்சு போடாமல் தங்கி, கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சினை ஆட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அந்த மாடு அன்றே எழுந்ததை வைத்து இதை எடைபோட வேண்டாம். ஸ்டீராய்டு வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றையும் அடக்கும், கூடவே நோய் எதிர்ப்பையும் அடக்கும். முட்டிக்குள் சீழ் இருந்தால் மாடு தெளிந்ததுபோல் தெரியும். உள்ளே கிருமி பெருகி மூட்டையே அரித்துவிடும்.

முதலில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தாலோ, முட்டி சூடாக இருந்து தொட்டதும் காலை உதறினாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் சீழா, வெறும் அடியா என்று தெரிந்துவிடும். குளம்பிடுக்கில் கல், ஆணி, புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முட்டியைப் பார்த்துக்கொண்டே குளம்பைக் கோட்டைவிடுவது வழக்கமாக நடப்பது. வைக்கோல் பரப்பிய உலர்ந்த தரையில் கட்டுங்கள். வலிக்கு மெலாக்சிகாம் போன்றதை மருத்துவர் தருவார். அதோடு ஸ்டீராய்டையும் சேர்த்துப் போட்டால் நான்காம் இரைப்பையில் புண் வரலாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மடி இறங்குகிறதா, வாலடியில் குழி விழுகிறதா, வழும்பு ஒழுகுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஈன்று 24 மணி நேரத்தில் நஞ்சு விழாவிட்டால் கையால் இழுக்காதீர்கள், எடை கட்டித் தொங்கவிடாதீர்கள்.

இந்த மருந்தே கூடாது என்பதில்லை. ஈன்ற மாட்டுக்குச் சத்துப் பற்றாக்குறையால் வரும் கீட்டோசிஸ் நோய்க்கும், கடும் ஒவ்வாமைக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அளவை மில்லியில் நினைவு வைத்துக்கொள்வது ஆபத்து. சில குப்பிகளில் ஒரு மில்லிக்கு 2 மில்லிகிராம், சிலவற்றில் 4 மில்லிகிராம். அதே 5 மில்லி ஒன்றில் 10 மில்லிகிராம், மற்றதில் 20. பெரிய மாட்டுக்கு ஒரு வேளை அளவு 5 முதல் 20 மில்லிகிராம் வரைதான். போட்டபின் சில நாள் பால் குறையலாம். தடுப்பூசி போடும் சமயத்தில் இதைத் தவிர்க்க வேண்டும், தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. பாலை எத்தனை நாள் விற்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் இருக்கும். பாதி மீதமுள்ள அந்தக் குப்பியை எடுத்து வைக்காதீர்கள். பலமுறை ஊசி குத்திய ரப்பர் மூடி வழியாகக் கிருமி புகுந்தால், அடுத்த ஊசி போட்ட இடத்திலேயே கட்டி கிளம்பும்.