பதக்கம் செய்யக் கொடுக்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓட்டப் போட்டியில் 600 பேருக்குப் பதக்கம் தர வேண்டும். ஜிங்க் அலாய் (துத்தநாகக் கலப்பு உலோகம்), இரும்பு, பித்தளை என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: ஓடி முடிக்கும் எல்லோருக்கும் என்றால் ஜிங்க் அலாய் போதும். ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் அதை அச்சில் எளிதாக வார்க்கலாம். நடுவில் ஓட்டை, வளைந்த விளிம்பு, மேடு பள்ளம் எல்லாம் வரும். இரும்புத் தகட்டை அழுத்தி எடுக்கும்போது அந்த வசதி குறைவு. வட்டமும் நாலு எழுத்தும் போதும் என்பவர்களுக்கு அது சரி. முக உருவம் போன்ற நுணுக்கமான வேலைக்குப் பித்தளைதான்.

விலை கேட்கும்போது விட்டத்தோடு கனத்தையும் எடையையும் எழுதி வாங்குங்கள். 65 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம் உள்ள வட்டம் ஜிங்க் அலாயில் சுமார் 66 கிராம், இரும்பில் 78, பித்தளையில் 85. பேசியது 3, வந்தது 2 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு உலோகம் போயிற்று. கணினிப் படத்தில் இது தெரியவே தெரியாது; கையில் மாதிரி ஒன்று வந்தால்தான் தெரியும். 30 பதக்கம் கூடுதலாகச் சொல்லிவையுங்கள். ஆண்டை நாடாவில் மட்டும் அச்சிட்டால் மிஞ்சியது அடுத்த முறைக்கு ஆகும்.

கேள்வி: ‘நீண்ட தூர ஓட்டம்’ என்று எழுதிக் கொடுத்தோம். ‘ஓடடம’ என்று வந்தது. ‘ண்’ வெறும் கட்டி. யார் தவறு?

பதில்: பாதி உங்களுடையது. 3 மி.மீ. உயர எழுத்தில் புள்ளி அரை மி.மீ. கூட இராது. அச்சு வெட்டும் முனைக்கு அது அகப்படாது. அகப்பட்டாலும் பாலிஷ் சக்கரம் தேய்த்துவிடும். ‘ண’, ‘ணை’ சுழிகளின் இடுக்கில் எனாமல் வண்ணம் வழிந்து அடைத்துக்கொள்ளும். தமிழ் தெரியாதவர் அச்சு வெட்டினால் புள்ளி அவருக்குத் தூசிதான்!

எழுத்து 4 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் ஒரே தடிமனாக இருக்கட்டும். புள்ளியை மட்டும் தனியே 0.6 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்குங்கள். கணினிக் கோப்பினை அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். கடைசியாக, அசல் அளவில் தாளில் அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். தாளில் திணறினால் உலோகத்தில் தேறாது.

கேள்வி: தங்க முலாம் சில மாதத்தில் கறுத்துவிட்டது. சிலவற்றில் கொப்புளம். முலாம் மட்டமா?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். கொப்புளம் வார்ப்பில் பிறப்பது. உள்ளே சிக்கிய காற்று நுண்துளைகளாகத் தங்கி, பிறகு சூடு படும்போது முலாமைத் தூக்கிவிடும். முலாம்காரரைத் திட்டிப் பயனில்லை.

கறுப்பது வேறு கதை. ஜிங்க் மேல் முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், பிறகு தங்கம் என்பது முறை. நிக்கலை விட்டுவிட்டால் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்து கறுக்கும். மேலே வார்னிஷ் பூசாவிட்டால் வியர்வை வேலையைக் காட்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கவே கூடாது. அதிலுள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே சில வெண்கலப் பதக்கங்கள் நிறம் கெட்டு, அங்குள்ள நாணயச் சாலை மாற்றித் தர நேர்ந்தது.

நிறைய பேர் கையாளும் பதக்கத்துக்குப் பளபளப்பைவிடப் பழம்பொருள் போன்ற மங்கல் நிறம் மேல். கீறல் தெரியாது.

கேள்வி: நாடா எவ்வளவு நீளம்?

பதில்: பெரியவர்களுக்கு, மடிக்காமல் அளந்தால் 85 முதல் 90 செ.மீ.; அகலம் 25 மி.மீ. தலை நுழைகிறதா என்று தைக்குமுன் பாருங்கள். கொக்கி வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். திறந்த வளையம் மேடையிலேயே கழன்று விழும்.

கேள்வி: அலுவலகத்தில் 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்குப் பதக்கம் தருகிறோம். பெயரைப் பின்புறம் லேசரில் பொறிக்கலாமா?

பதில்: பித்தளையானால் தாராளமாக. முலாம் பூசிய இரும்பில் வேண்டாம். லேசர் முலாமைச் சுரண்டி இரும்பைத் திறந்துவிடும், பெயர் வரி வரியாகத் துருப்பிடிக்கும். பின்புறம் 1 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் விடச் சொல்லி, பெயர் பொறித்த சிறு தகட்டை அதில் ஒட்டுங்கள். ஒருவர் பெயரில் பிழை வந்தால் தகட்டை மட்டும் மாற்றலாம். இவர்களுக்கு நாடா தேவையில்லை. மேசையில் நிற்கும் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.