ஒரே நிறுவனத்தை நம்பினால்

பெரிய இணைய நிறுவனத்தையே சைபர் தாக்குதலில் முடக்க முடியுமா, கடை பில்லிங் முழுக்க ஒரே இணைப்பில் ஓடுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். முடியும். 2023 டிசம்பர் 12 அன்று உக்ரைனின் மிகப் பெரிய செல்பேசி நிறுவனமான கீவ்ஸ்டார் அப்படித்தான் விழுந்தது. சுமார் 2.4 கோடி வாடிக்கையாளர்களின் செல்பேசி சேவை நின்றது. வீட்டு இணையமும் போச்சு. மாதக்கணக்கில் அதன் கணினிகளுக்குள் பதுங்கியிருந்த ஹேக்கர்கள் ஆயிரக்கணக்கான சர்வர்களை அழித்திருந்தார்கள். (லிவிவ் நகரில் அந்த இணைப்பை நம்பியிருந்த தெருவிளக்குகளைக் கையால் அணைக்க வேண்டியதாயிற்று!) முழுதாக மீள ஒரு வாரம் பிடித்தது.

ஆனால் மற்ற நிறுவனங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மக்கள் வேறு சிம் வாங்க வரிசையில் நின்றார்கள். அதனால் பிராட்பேண்ட் எந்த நிறுவனமோ, அதே நிறுவனத்தின் சிம்மை மாற்று ஏற்பாடாக வைக்காதீர்கள். வேறு சிம் போட்ட பழைய போன் ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்குப் போதும். அப்புறம், மாதம் ஒருமுறை அதில் பில் போட்டுப் பாருங்கள்.