மாட்டிறைச்சி, சீஸ், டாக்கோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கறியை வைத்து மடித்துச் சாப்பிடும் டாக்கோவுக்காக, கடையில் விற்கும் மக்காச்சோள மாவில் டோர்ட்டியா ரொட்டி தட்டினேன். கல்லில் போடுமுன்பே விண்டுபோகிறது. மைதா கலக்கலாமா?

வேண்டாம். உங்கள் கையில் குறையில்லை, மாவே வேறு. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் அரைக்கிறார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சுண்ணாம்பு சோளத்தின் தோலையும் உள்ளிருக்கும் பிசினையும் இளக்குவதால்தான் மாவு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. டாக்கோவுக்கே உரிய அந்த மண்வாசமும் அதிலிருந்து வருவதுதான். சும்மா அரைத்த மக்காச்சோள மாவு எவ்வளவு பிசைந்தாலும் உதிரும்.

கேட்க வேண்டிய பெயர் ‘மாசா ஹரினா’. நிக்ஸ்டமால் செய்து உலர்த்திய மாவு அது. பாக்கெட்டின் பொருள் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தால் சரியானதை வாங்கியிருக்கிறீர்கள். கிடைக்கவில்லையென்றால் கோதுமை டோர்ட்டியா செய்யுங்கள். அது சமாளிப்பு வேலை அல்ல. சோனோரா உள்ளிட்ட வடமெக்சிகோவில் சுட்ட மாட்டிறைச்சியைக் கோதுமை டோர்ட்டியாவில்தான் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள்.

மாசா ஹரினா கிடைத்தது. ஆனாலும் ஓரம் வெடிக்கிறது, உப்புவதே இல்லை.

ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். 120 கிராம் மாவுக்கு 180 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குங்கள். பிசைந்து, ஈரத்துணி மூடி 20 நிமிடம் விடுங்கள். மாவு தண்ணீரைக் குடிக்க அந்த நேரம் தேவை. பிறகு ஓர் உருண்டையைக் கையில் அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் கோடு விழுந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். விரலில் ஒட்டினால் கொஞ்சம் மாவு தூவுங்கள்.

30 கிராம் உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையான பாத்திரத்தால் அழுத்தினால் 14, 15 சென்டிமீட்டர் அகலம் வரும். சப்பாத்திக் கட்டையால் தேய்க்காதீர்கள், நடுவே மெலிந்துவிடும்.

உப்பாததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு குறைந்த கல். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் பக்கம் 15 முதல் 20 விநாடி, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பியதும் விரல் நுனியால் நடுவில் மெல்ல அழுத்துங்கள், உப்பும். முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஆவி தங்காது. எடுத்ததும் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். மடிக்கும் பதம் அந்த ஆவியில்தான் வருகிறது.

உண்மையான மெக்சிகோ டாக்கோவில் சீஸே கிடையாது என்கிறார் நண்பர்.

பாதி சரி. நிறைய டாக்கோக்களில் கறி, வெங்காயம், கொத்தமல்லி, சல்சா என்ற சட்னி இவ்வளவுதான். ஆனால் சீஸ் போட்டவையும் அங்கேயே பிறந்தவை. சீஸைக் கல்லில் நேரடியாக முறுக வைத்து அதில் கறியைச் சுற்றுவது கோஸ்ட்ரா. இரண்டு டோர்ட்டியாவுக்கு நடுவே சீஸும் கறியும் வைத்துச் சுடுவது முலிட்டா. ஹலிஸ்கோ மாநிலத்தின் பிர்ரியா என்ற ஆட்டுக்கறிக் குழம்பு, டிஹுவானா நகரத்தில் மாட்டிறைச்சிக்கு மாறி, சீஸும் சேர்ந்து கேசாபிரியா ஆயிற்று.

முன்கூட்டியே மடித்துப் பொரித்த ஓடு, கொத்துக்கறி, மஞ்சள் செடார் சீஸ், லெட்டூஸ் என்று வருவது அமெரிக்காவில் வாழ்ந்த மெக்சிகோ மக்களின் சமையலிலிருந்து பரவியது. அப்படி மடித்துப் பொரிக்கும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ. அதுவும் நல்ல சாப்பாடுதான். இரண்டின் முறைகளையும் கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

கேசாபிரியாவுக்கு அளவு சொல்லுங்கள். தொடைக்கறியில் செய்தேன், சக்கையாகிவிட்டது.

தொடைக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு, அதனால் சக்கையாகத்தான் ஆகும். தோள்பட்டைக் கறி ஒரு கிலோ, எலும்போடு கால்கறி அரைக் கிலோ வாங்குங்கள். ஏறக்குறைய 20 டாக்கோ வரும். பெரிய துண்டுகளாக வெட்டி 22 கிராம் உப்பு தடவி வையுங்கள்.

மிளகாய்தான் இந்தக் குழம்பின் உயிர். மெக்சிகோவின் காய்ந்த மிளகாய் வகைகளில் குவாஹீயோ 8, ஆன்ச்சோ 3, காரத்துக்கு ஆர்போல் 2. காம்பும் விதையும் நீக்கி, மிதமான கல்லில் பக்கத்துக்கு 10, 15 விநாடி மட்டும் வாட்டுங்கள். வாசனை எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்துவிட்டால் முழுக் குழம்பும் கசக்கும், பிறகு எதைப் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும்.

அதோடு சுட்ட தக்காளி 3, வெங்காயம் பாதி, பூண்டு 6 பல், வினிகர் 2 மேசைக்கரண்டி, ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, சீரகமும் மிளகும் அரை அரைத் தேக்கரண்டி, கிராம்பு 3, சிறு துண்டு பட்டை சேர்த்து மைய அரையுங்கள். கட்டாயம் வடிகட்டுங்கள். குவாஹீயோ தோல் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் தட்டும். வடித்த விழுதை எண்ணெயில் 6 முதல் 8 நிமிடம், நிறம் அடர்ந்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கறி, 2 பிரிஞ்சி இலை, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் சேர்த்து, மூடி, மெல்லக் குமிழிடும் தீயில் மூன்று, மூன்றரை மணி நேரம் விடுங்கள். குக்கரில் என்றால் முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 50 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு, கறி விறைப்பாக இருக்கிறதே, அதிகம் வெந்துவிட்டதோ என்று இறக்கிவிடுகிறவர்கள் பலர். அது வேகாத விறைப்பு. சவ்வு கரைந்து கூழாக நேரம் வேண்டும். கரண்டியால் தொட்டதும் நார் நாராகப் பிரிய வேண்டும், அதுவே பதம்.

குவாஹீயோ மிளகாய் எங்கள் ஊரில் இல்லை.

பியாட்கி மிளகாய் போடுங்கள். நிறம் அதிகம், காரம் குறைவு, வேலை நடக்கும். குண்டூர் மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆன்ச்சோவின் உலர்பழ இனிப்புக்கு நான்கைந்து உலர்திராட்சையைச் சேர்த்து அரைக்கலாம். முழுக்க அதே சுவை வராது, ஆனால் பக்கத்தில் வந்துவிடும்.

டோர்ட்டியாவைக் குழம்பில் முக்கியதும் கிழிகிறது.

குழம்பில் முக்கக் கூடாது. மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பை மட்டும் தனித் தட்டில் வழித்தெடுத்து, சூடான டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தை அதில் தொடுங்கள். தண்ணீர்ப் பகுதி சேர்ந்தால் ஊறிக் கிழியும், கல்லிலும் முறுகாமல் வெந்துகொண்டே இருக்கும். கொழுப்பு போதவில்லையென்றால் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான கல்லில் போட்டு, முதலில் சீஸ் 30 கிராம், அதன்மேல் உதிர்த்துப் பிழிந்த கறி 35 கிராம். சீஸ் உருகிக் கறியைப் பிடித்ததும் மடித்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். ஓரத்தில் வழிந்த சீஸ் பொன்னிறமாக முறுகட்டும், அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். மீதிக் குழம்பில் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி தூவிக் கிண்ணத்தில் கொடுத்தால் அதுதான் கொன்சொமே, தொட்டுக்கொள்ள.

எந்த சீஸ்? பனீர் போட்டேன், உருகவில்லை.

பனீர் உருகாது. பாலைச் சூடாக்கி எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தது, சூட்டில் இளகும் தன்மை அதற்கு இல்லை. வஹாக்கா ஊர்க் கேசியோ சீஸ் நூல் நூலாக இழுபடும், அதுதான் முதல் தேர்வு. அதற்கு மிக நெருக்கமானது ஈரம் குறைந்த மொசரெல்லா கட்டி. தண்ணீரில் மிதக்க விட்டு விற்கும் உருண்டை மொசரெல்லா கல்லை நனைத்துவிடும். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், சீராக உருகாது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். கொத்திஹா என்ற உதிரும் சீஸ் மேலே தூவுவதற்கு மட்டும்.

கொத்துக்கறி வாணலியில் தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறமாகிறது.

ஒரே நேரத்தில் அதிகம் போடுகிறீர்கள். 20 விழுக்காடு கொழுப்புள்ள அரைக் கிலோ கறியை இரண்டு பங்காக்கி, புகை வரும் அளவுக்குக் காய்ந்த அகல இரும்புச் சட்டியில் அடைபோல அழுத்தி, 3, 4 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் பழுப்பேறிய பிறகு உடைத்து, வெங்காயம், சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள். உப்பு சட்டியில் போடும்போதுதான், முன்பே கலந்தால் கறி இறுகும். உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தாண்டட்டும். மடித்துப் பொரிப்பதானால் நேற்றைய டோர்ட்டியாதான் நல்லது, ஈரம் குறைவாக இருப்பதால் எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாகும். சீஸைப் பொரித்த பிறகு வையுங்கள், முன்பே வைத்தால் எண்ணெயில் வழிந்து கருகும்.

பச்சை சல்சாவுக்குப் பச்சைத் தக்காளி போதுமா?

அங்கே பச்சை சல்சாவில் போடுவது டொமாட்டியோ, தக்காளியே அல்ல. நம் வயலோரச் சொடக்குத் தக்காளியின் இனம், அதே காகித உறைக்குள் காய்ப்பது. கிடைக்காவிட்டால் பச்சைத் தக்காளியைச் சுட்டு எலுமிச்சை பிழியலாம். எலுமிச்சை விஷயத்தில் நமக்குக் கவலையில்லை. மெக்சிகோவில் டாக்கோவுக்குப் பிழிவதும் நம் ஊர்ச் சிறு எலுமிச்சை வகைதான். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சையில் அந்த வாசம் வராது.

முந்தைய நாளே செய்து வைக்கலாமா?

பிர்ரியாவைத் தாராளமாக. கறி குழம்பிலேயே ஊறியபடி ஆறட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் கொழுப்பு மேலே சிவப்புத் தகடாக உறைந்திருக்கும். டோர்ட்டியா தொட்டெடுக்க அதை அப்படியே பெயர்த்து உருக்கிக்கொள்ளலாம். டோர்ட்டியாவை மட்டும் அன்றன்று சுடுங்கள்.