போஸ்ட்டாக் காலத்திலேயே பாடம் நடத்தப் பழகலாமா? வாசகர் கேள்வி பதில்

உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடிக்கப்போகிறேன். ஆராய்ச்சியோடு கல்லூரியில் பாடம் நடத்தவும் பயிற்சி தரும் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) அமெரிக்காவில் உண்டு என்கிறார்கள். அது என்ன முறை? நான் சேர முடியுமா?
வாசகி, திருச்சி

நீங்கள் கேள்விப்பட்டது ஐராக்டா (IRACDA) என்ற திட்டமாக இருக்கும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஒன்றான பொது மருத்துவ அறிவியல் நிறுவனம் 1999-ல் அதைக் கொண்டுவந்தது. நிதி ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அது இளநிலை வகுப்புகளே முதன்மையாக உள்ள பக்கத்துக் கல்லூரிகளோடு கூட்டுச் சேர வேண்டியிருந்தது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்கென உருவான ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் கல்லூரிகளோடும் கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்தியது இதற்கு நல்ல உதாரணம். போஸ்ட்டாக்கின் நேரத்தில் 75 சதவீதம் ஆய்வகத்துக்கு, 25 சதவீதம் கற்பித்தலுக்கு. ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி, கல்லூரியில் கற்பித்தலுக்கு இன்னொரு வழிகாட்டி. இந்த இரண்டாவது ஆள்தான் முறையின் உயிர். அவர் இல்லாவிட்டால், ஆய்வகத் தலைவர் (பிஐ) ஊரில் இல்லாத நாளில் பிஐயின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதையே பயிற்சி என்று எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உங்களால் அதில் சேர முடியாது. அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே கிடைத்தது. ஆனால் முறையை நாமே அமைத்துக்கொள்ளத் தடையில்லை. பரிமாற்ற வருகையாளருக்கான ஜே-1 விசாவில் போகிறவர்கள் வேறு கல்லூரியில் வகுப்பெடுக்கும் முன், தங்கள் பல்கலையின் பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எச்-1பி வேலை விசா என்றால் அதற்கு மனு போட்ட அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும்தான் வேலை. இன்னொரு கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் நடத்த அந்தக் கல்லூரி தனியாக மனு போட வேண்டும். வாய்மொழி ஒப்புதலை நம்பி இறங்காதீர்கள்.

25 சதவீதம் என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம்தானே? அதற்குள் ஒரு முழுப் பாடத்தை நடத்த முடியுமா? ஆராய்ச்சி கெடாதா?
வாசகர், பெங்களூரு

வாரா வாரம் 10 மணி என்று பிரித்தால் இரண்டும் கெடும். வாரம் 3 மணி வகுப்பு என்று வையுங்கள். ஒரு மணி வகுப்புக்கு 2 மணி தயாரிப்பு, அது 6. மாணவர் சந்தேகம் கேட்க 2. விடைத்தாள், பயணம் எல்லாம் சேர்ந்தால் 20-ஐத் தொடும். அதை 10-க்குள் அடக்கப் பார்த்தால் இரவுகள்தான் கரையும்.

கணக்கை மூன்று ஆண்டுக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 48 வாரம், வாரம் 40 மணி என்றால் கால் பங்கு 480 மணி, மூன்றாண்டில் 1,440. ஒரு முழுப் பாடத்துக்கு 15 வாரம், வாரம் 20 மணி, மொத்தம் 300. இடம் தாராளமாக இருக்கிறது. கொத்தாக ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாண்டு முழுக்க ஆய்வகத்தில் வேரூன்றுங்கள். அதோடு ஒரு பயிற்சிப் பட்டறையும், கல்லூரி வழிகாட்டியின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் போதும். இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுப் பொறுப்பு: சிலபஸ், வினாத்தாள், மதிப்பெண் எல்லாமே உங்களுடையது. மூன்றாம் ஆண்டு பேப்பருக்கும் வேலை தேடுவதற்கும். எந்த மாதங்களில் ஆய்வகத்தில் பாதி நேரம்தான் இருப்பீர்கள் என்பதைச் சேரும்போதே பிஐயிடம் மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எலி வளர்ப்பு, நீண்ட செல் வளர்ப்பு போன்ற நிறுத்த முடியாத சோதனைகளை அந்த மாதங்களில் தொடங்கக் கூடாது. தரவை அலசுவது, எழுதுவது போன்ற வேலைகளை அங்கே தள்ளுங்கள்.

தயாரிப்பு 2 மணியைத் தாண்டினால் பாடம் மேம்படுவதில்லை, ஸ்லைடுதான் கூடும். 50 நிமிடத்துக்கு 60 ஸ்லைடு கொண்டுபோவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. மாணவர் வாய் திறக்க இடமே இருக்காது.

கேள்வி கேட்டால் வகுப்பு மௌனமாக இருக்கிறது. என்ன செய்வது?
வாசகி, கோவை

"புரிந்ததா?" என்பதற்கு மௌனம்தான் பதிலாக வரும். தவறான விடைகளும் நியாயமாகத் தோன்றும் கேள்வியாகக் கேளுங்கள். ஒளிச்சேர்க்கை பாடத்தில் இதைப் பலகையில் எழுதுங்கள்: சிறு விதை 100 கிலோ மரமாகிறது, மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? அ. மண், ஆ. நீர், இ. காற்று, ஈ. சூரிய ஒளி. இரண்டு நிமிடம் பேசாமல் தனியாக யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் தாங்கள் தேர்ந்த விடையின் எழுத்துள்ள அட்டையை ஒரே நேரத்தில் உயர்த்தட்டும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை மீண்டும் சொல்லுங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கம் சொல்லி நகருங்கள். இடைப்பட்டால் பக்கத்தில் இருப்பவரைத் தன் விடைக்கு இணங்க வைக்கச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து மறுபடி அட்டை. விடை காற்று: அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் கார்பனும் ஆக்சிஜனும்தான் மரமாகின்றன. பட்டம் பெற்றவர்களிலும் பலர் மண் என்பார்கள். அதனாலேயே இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு.

ஹார்வர்டின் எரிக் மசூர் இயற்பியல் வகுப்பில் 1991 முதல் வளர்த்த முறை இது. தனியாக யோசிக்கும் இரண்டு நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிட்டால் கெட்டிக்கார மாணவரின் விடையே வகுப்பின் விடையாகிவிடும். மாணவரை இப்படி ஈடுபடுத்துவது பலன் தருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-ல் 225 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரி தோல்வி 33.8 சதவீதம், ஈடுபடுத்தும் வகுப்புகளில் 21.8.

என் ஆராய்ச்சியையே வகுப்பறைக்குக் கொண்டுபோக முடியுமா? சமையல் குறிப்பு போன்ற பிராக்டிகல் அலுத்துவிட்டது.
வாசகர், சென்னை

முடியும், முடிவு உங்களுக்கும் முன்கூட்டித் தெரியாத சோதனையாக இருந்தால். 2008 முதல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் நடத்திவரும் சீ-ஃபேஜஸ் பாடம் நல்ல முன்மாதிரி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஆய்வகம் அதன் தாய்வீடு. முதலாண்டு மாணவர் மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜைப் பிரித்து, பெயர் வைத்து, அதன் டிஎன்ஏவைப் படிக்கிறார். அவர் பிடித்தது இதுவரை யாரும் காணாததாக இருக்கலாம்.

மண்ணை நீர்ம ஊடகத்தில் குலுக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். வடிநீர் 50 மைக்ரோலிட்டரை 0.5 மி.லி. மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற பாக்டீரியாவின் வளர்ப்புக் குழம்பில் கலந்து, 10 நிமிடம் வைத்து, 4.5 மி.லி. மேல் அகாருடன் (மேலே ஊற்றும் மெல்லிய அகார் கூழ்) பெட்ரி தட்டில் ஊற்ற வேண்டும். 37 டிகிரியில் 24 முதல் 48 மணிக்குள் பாக்டீரியாப் படலத்தில் ஊசித் துளை போன்ற தெளிந்த புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டெடுத்து இதையே மூன்று சுற்று செய்தால் ஒரே ஃபேஜ் கிடைக்கும்.

சறுக்கல்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான். வேகமாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குப் பழகியவர் முந்தின இரவுதான் குழம்பை வளர்க்க வைப்பார். ஸ்மெக்மாட்டிஸ் இரட்டிக்க 3 மணி ஆகும், ஆகவே செவ்வாய் வகுப்புக்கு ஞாயிறே வளர்க்க வைக்க வேண்டும். பாக்டீரியா கட்டிதட்டாமல் இருக்க டுவீன் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்போம். அது தொற்றும் கட்டத்தில் மிஞ்சியிருந்தால் ஃபேஜ் செல்லில் ஒட்டாது, தட்டில் ஒரு புள்ளியும் வராது. கடைசி வளர்ப்பில் டுவீனை விட்டு, கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார் சேருங்கள். மேல் அகார் 55 டிகிரி சுமாரில் இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாக்டீரியா சாகும், ஆறினால் உருண்டை உருண்டையாக உறையும். ஊற்றும்போது வந்த காற்றுக் குமிழியைப் புள்ளி என்று நம்பி ஒரு வாரம் அதன் பின்னால் போகிற மாணவரும் உண்டு. பாக்டீரியா மட்டும் உள்ள தட்டு ஒன்றையும், டி29 போன்ற தெரிந்த ஃபேஜ் உள்ள தட்டு ஒன்றையும் ஒவ்வொரு மேசைக்கும் வைத்தால் வெறும் தட்டு வந்தாலும் காரணம் பிடிபடும். முந்தின வாரம் அதே அறையில், மாணவர் கையாளப்போகும் அதே பிப்பெட்டுகளைக் கொண்டு நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்.

இந்த அனுபவம் இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்குக் கணக்கில் வருமா?
வாசகர், மதுரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில், நேர்முகத்துக்கு அழைப்பதற்கான மதிப்பெண் பட்டியலில் கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, அதிகபட்சம் 10. ஓராண்டுக்குக் குறைந்தால் விகிதப்படி குறையும். அந்த மதிப்பெண் அழைப்பு வரைதான். தேர்வு நேர்முகத்தைப் பொறுத்தது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடிக் கற்பித்தல் என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன, ஆகவே முழுப் பாடம் நடத்தியவர் அங்கே தடுமாறமாட்டார். பாடத்தின் பெயர், மாணவர் எண்ணிக்கை, மொத்த வகுப்பு மணி, தேதிகள் குறித்த சான்றிதழைச் செமஸ்டர் முடியும் வாரத்திலேயே கல்லூரி முதல்வரிடம் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். மாணவர் பெயர்களை மறைத்து, நீங்கள் திருத்திய இரண்டு மூன்று விடைத்தாள் நகல்களையும் சிலபஸோடு சேர்த்து வைத்திருங்கள்.