'இது ரொம்ப தூரமாப்பா?'

கேள்வி: எனக்கு 34 வயது. இங்கிலாந்தில் ரெடிங் நகரில் ஐ.டி. வேலை. கல்லூரி நண்பர்கள் மூன்று பேரோடு ஆகஸ்டில் 12 நாள், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு யார்க், எடின்பரோ, கிளாஸ்கோ, லிவர்பூல் என்று சுற்றிவிட்டு, கடைசியில் லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவல் பார்ப்பதாகத் திட்டம். ஒரு நண்பனோடு சேர்ந்து, கட்டணச் சலுகை தரும் இருவருக்கான ரயில் கார்டுகூட வாங்கிவிட்டேன். மனைவிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை வயது மகனைப் பற்றிக் கவலை இல்லை. ஏப்ரலில் திருச்சியிலிருந்து வந்த அம்மா (61) பார்த்துக்கொள்வார். செப்டம்பர் கடைசி வரை இங்கேதான் இருப்பார். அவருக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. ஒருநாள் டி.வி.யில் லண்டன் டவர் பிரிட்ஜ் பாலத்தைக் காட்டியபோது, 'இது இங்கேருந்து ரொம்ப தூரமாப்பா?' என்று கேட்டதோடு சரி. மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

- ஒரு வாசகர், ரெடிங்

பதில்: உங்கள் கேள்வி இருக்கட்டும், தம்பி. அம்மா கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், அது மட்டும் இல்லை.

நான் சொல்கிறேன். ரெடிங்கிலிருந்து வேக ரயிலில் லண்டன் பேடிங்டன் சுமார் அரை மணி நேரம். அங்கிருந்து பாதாள ரயிலில் டவர் ஹில். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போகிற நேரம்தான். ஏப்ரலில் வந்தவர் இன்னும் அதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

'ஆசையெல்லாம் கிடையாது' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நம்மூர் அம்மாக்கள் 'என்னைக் கூட்டிப் போ' என்றா கேட்பார்கள்? தூரமா, டிக்கெட் எவ்வளவு ஆகும், அங்கே ரொம்பக் குளிருமா, இப்படித்தான் கேட்பார்கள். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதே என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்வார்கள். நீங்களும் அது சௌகரியம் என்று விட்டுவிட்டீர்கள். அம்மா வந்திருப்பது பார்வையாளர் விசாவில். வந்த இத்தனை நாளில் அவர் பார்த்தது என்ன? குழந்தையின் பால் பாட்டிலும் உங்கள் வீட்டு சிங்க்கும்தானே?

நீங்கள் போகிற இடங்களைக் குறை சொல்லவில்லை. எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா 1947இல் அழைப்பில்லாமல் வந்த எட்டு நாடகக் குழுக்களால் தொடங்கியது. இன்று ஆகஸ்ட் முழுக்க அந்த ஊரே மேடைதான். ராயல் மைல் தெருவில் வித்தை காட்டுகிறவர்களைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். கடைசியில் தொப்பி நீட்டுவார்கள், முடிந்ததைப் போடலாம். சமயபுரம் தேர்க் கூட்டத்தில் நின்று பழகிய ஒருவர் அதை உங்களைவிட நன்றாக ரசிப்பார் என்பது என் கட்சி.

உங்கள் 12 நாளில் ஐந்து நாள் அம்மாவுக்கு. பேரமில்லை. நண்பர்கள் ஏழு நாளில் திருப்தி அடையட்டும். லிவர்பூல் எங்கேயும் ஓடிவிடாது.

முதல் நாள் டவர் பிரிட்ஜ். 1894இல் திறந்த பாலம், இன்றும் வருடத்துக்குச் சுமார் 800 முறை கப்பலுக்காக நடுவில் பிரிந்து, மேலே தூக்கி வழிவிடுகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர்களுடைய இணையதளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். அதைப் பார்த்துப் போங்கள். சும்மா மூடிக்கிடக்கும் பாலத்தைக் காட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று வராதீர்கள். இன்னொரு நாள் பிரிட்டிஷ் மியூசியம், நுழைவு இலவசம். அங்கே நம் சோழர் காலத்து நடராஜர் வெண்கலச் சிலை இருக்கிறது. 'சாமியை இங்கே கொண்டுவந்து வச்சிருக்காங்களே' என்று அம்மா ஆதங்கப்படலாம். படட்டும், அதுவும் பார்ப்பதில் சேர்ந்ததுதான். பாத் நகரம் உங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ரோமர்கள் கட்டிய வெந்நீர்க் குளத்தில் இன்றும் 46 டிகிரியில் ஊற்று வருகிறது. (குளிக்க விடமாட்டார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) மீதி இரண்டு நாளை எடின்பரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விழா நாட்களில் அங்கே அறை வாடகை யானை விலை, இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். அடுக்குக் கட்டில் போட்ட விடுதியில் அம்மாவை மேல் கட்டிலுக்கு ஏற்றிவிடாதீர்கள்.

நாட்டிங் ஹில்லுக்கு மட்டும் அம்மா வேண்டாம். கரீபியன் மக்கள் அறுபதுகளில் தொடங்கிய அருமையான விழாதான், ஆனால் லட்சக்கணக்கில் கூட்டம். கழிப்பறை வரிசையில் அந்த வயதில் நிற்க முடியாது. அங்கே நண்பர்களோடு போய் ஆடிவிட்டு வாருங்கள்.

நண்பனோடு சேர்ந்து கார்டு வாங்கத் தெரிந்த உங்களுக்கு, 60 வயதானவர்களுக்கும் ஒரு ரயில் கார்டு உண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது தெரியாமலா இருக்கும்? இன்று ராத்திரியே வாங்கிவிடுங்கள்.

அந்த ஐந்து நாளும் குழந்தை அம்மாவின் இடுப்பில் இருக்கக் கூடாது. கூட வந்தால் தள்ளுவண்டி உங்கள் கையில். வீட்டில் விடுவதானால், மனைவியிடம் லீவு கிடைக்குமா என்று கேட்டு நாளைக் குறியுங்கள். ஆம், கேட்டு. 12 நாள் திட்டத்தைப் போட்டு, கார்டும் வாங்கிவிட்டு, அதற்கப்புறம் 'சம்மதிக்க வைப்பது எப்படி' என்று எனக்குக் கடிதம் எழுதுவதற்குப் பெயர் கேட்பது அல்ல. அந்த முகம் ஏன் தூக்கியிருக்கிறது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

முதலில் பாலத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மனைவி விஷயத்தை அப்புறம் பேசலாம்.