மண்ணுக்குள் 17 வருடம்: சில்வண்டு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கச் சில்வண்டுகள் 17 வருடமும் மண்ணுக்குள் தூங்குமா?

தூங்காது. மரத்தின் சல்லிவேரில் வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே, நான்கு தடவை தோலுரித்து வளரும். அந்தச் சாற்றில் சத்து மிகக் குறைவு. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இப்படி ஏழு இனங்கள் உண்டு. மூன்றுக்கு 17 வருடம், நான்குக்கு 13.

கேள்வி: இருட்டில் வருடத்தை எப்படிக் கணக்கு வைக்கின்றன?

மரத்தை வைத்துத்தான். வசந்தத்தில் மரம் துளிர்க்கும்போது வேர்ச்சாறு மாறும். அதை ஒரு வருடமாக எண்ணிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் பூச்சியியலாளர் ரிச்சர்ட் கார்பன் குழு, ஒரே வருடத்தில் இரண்டு முறை பூக்கும்படி செய்த பீச் மரங்களின் வேரில் இந்தக் குஞ்சுகளை விட்டது. அவை ஒரு வருடம் முந்தியே வெளியே வந்துவிட்டன! 2000இல் வெளியான ஆய்வு. பூச்சியியலில் இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை.

வருடக் கணக்கு முடிந்தாலும் உடனே கிளம்பாது. 20 செ.மீ. ஆழத்தில் மண் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற வேண்டும். பிறகு ஒரு மாலையில் ஏறி வந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு, முதுகுத் தோல் பிளக்கும். உள்ளிருந்து வருவது பால் வெள்ளை உடம்பு, சிவந்த கண். விடிவதற்குள் உடம்பு கறுத்துவிடும்.

கேள்வி: ஏன் எல்லாம் ஒரே நேரத்தில்?

கடிக்காது, கொட்டாது, வேகமாகப் பறக்கவும் தெரியாது. எண்ணிக்கைதான் பாதுகாப்பு. ஓர் ஏக்கரில் 15 லட்சம் வரை வரலாம். பறவைகள் வயிறு முட்டத் தின்றாலும் மிச்சமிருக்கும்.

கேள்வி: சிகாகோ பக்கம் இருக்கிறோம். ஆப்பிள் கன்று நடலாமா?

தாராளமாக நடுங்கள். அங்கே 2024இல் வந்துபோன கூட்டம் இனி 2041இல்தான். பெண் பூச்சி பென்சில் பருமன் கிளையைக் கீறி முட்டையிடும், கிளைநுனி காயும். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். அந்த வருடம் சின்ன மரம் ஏதும் இருந்தால் 6 மி.மீ. கண்ணுள்ள வலையைப் போர்த்துங்கள். மருந்து அடிக்காதீர்கள், செத்த இடத்துக்கு அடுத்த மரத்திலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: நம் நாட்டில் உண்டா?

மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் இனம் உண்டு. உலகக் கோப்பைக் கால்பந்து வருடத்தில் வரும்.

கேள்வி: அழியும் ஆபத்து?

உண்டு. அமெரிக்காவில், ஒரே வருடத்தில் வெளிவரும் சில்வண்டுகளை ஒரு கூட்டமாக வைத்து எண் கொடுப்பார்கள். கனெக்டிகட் மாநிலப் பகுதியில் இருந்த 11ஆம் கூட்டத்தை 1954க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மரத்தை வெட்டினால், வேரில் இருக்கும் பல வருடக் குஞ்சுகளும் சேர்ந்தே போகும். வீடு கட்டும்போது பழைய மரங்களை விட்டுவைக்கச் சொல்லி நான் ஓயாமல் கேட்பது இதனால்தான்.