விசிட் விசாவில் துபாய் போகலாமா?

கேள்வி: பத்தாவது முடித்து ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்திருக்கிறேன். வயது 23. புதுக்கோட்டை பக்கம் கிராமம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாயில் இருக்கிறார். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அப்பா நிலத்தை அடகு வைக்கத் தயார். போகலாமா?

பதில்: தம்பி, துபாய்க்குப் போங்கள். ஆனால் இந்த வழியில் வேண்டாம்.

உங்கள் தெருவே துபாயில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் கட்டுமானம் பெருகியது. உள்ளூரில் ஆள் போதவில்லை. முதலில் போனவர் மச்சானைக் கூப்பிட்டார், மச்சான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். கங்காணிகள் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததும் இப்படித்தான், சொந்த ஊரிலும் உறவிலும். சம்பள வித்தியாசம் ஆளைக் கிளப்பும். எந்த ஊருக்கு என்பதைப் பெரும்பாலும் அங்கே இருக்கும் சொந்தக்காரர்தான் முடிவு செய்கிறார். அந்த நம்பிக்கையில் காகிதங்களை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

ஐ.நா.வின் 2024 கணக்குப்படி, பிறந்த நாட்டை விட்டு வாழ்பவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர். உலகில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பரம ஏழைகளில் பலரால் அவ்வளவு தூரம் போகவே முடிவதில்லை, டிக்கெட்டுக்குக் காசு இருக்காது. அடகு வைக்க ஒரு துண்டு நிலமாவது உள்ள வீடுதான் பிள்ளையை அனுப்புகிறது. ஏஜென்டுகளுக்கும் இது தெரியும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'இசிஆர்' (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கும். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தையும் அங்கே பார்ப்பார்கள். நீங்கள் பத்தாவது தேறியவர், உங்களுக்கு அந்தச் சோதனை இல்லை. படித்ததால் ஒரு பாதுகாப்பு குறைகிறது. உங்கள் காகிதத்தை நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்.

விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம். நிறுவனம் மனம் வைத்தால் விசா மாறும், சிலருக்கு மாறியும் இருக்கிறது. மாறாவிட்டால், கெடு முடிந்தபின் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் சம்பள பாக்கி கேட்டு நிற்பதும் கடினம். ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கிய ஒன்றரை லட்சமோ, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 3,000 ரூபாய் கேட்கும். அந்தக் கடன்தான் பையன்களைக் கெட்ட முதலாளியிடமும் வாய்மூடி இருக்க வைக்கிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், வரி தனி. ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே!

ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் பதிவு பெற்றவரின் 'ஆள்' என்றால், சட்டத்தில் சப்-ஏஜென்டுக்கு இடமில்லை. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் பணி வாய்ப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். இங்கேயே படித்துக் கையெழுத்திட்ட பிறகு, வேலைக்கான நுழைவு அனுமதியோடுதான் விமானம் ஏற வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது; அங்கேயும் பதிந்து வையுங்கள்.

அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அப்பா நிலப் பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம்.